கால்வாசி வண்ணம், மீதி பென்சில்: பீங்கான் மேசை வரைபடம் பற்றிய கேள்விக்குப் பதில்

வணக்கம். போன வீடியோவின் கீழே ஒரு நேயர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். பாரிசில் ஒரு கண்காட்சியில், பீங்கான் மேசைக்காக வரைந்த பழைய தாள் ஒன்றைப் பார்த்தாராம். வட்டத்தில் கால்வாசிக்கு மட்டும் வண்ணம், மீதி வெறும் பென்சில் கோடு. "ஓவியர் பாதியில் விட்டுவிட்டாரா? மேசையே பத்திரமாக இருக்கும்போது இந்தத் தாளை எதற்குக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறார்.

பாதியில் விடவில்லை. அவ்வளவு வரைந்தால் போதும். வட்ட மேசையின் ஓரத்தில் ஒரே கொடி, ஒரே பூ திரும்பத் திரும்ப வரும். ஒரு துண்டைக் காட்டிவிட்டால் மீதியைப் பட்டறையில் பார்த்துக்கொள்வார்கள். சில தாள்களில் இடப்பக்கம் ஒரு அலங்காரம், வலப்பக்கம் வேறொன்று இருக்கும். பார்ப்பவருக்குக் குழப்பமாகத் தெரியும். ஆனால் அது "இதில் எது பிடித்திருக்கிறது?" என்று ஆர்டர் கொடுத்தவரிடம் கேட்கும் தாள்.

பீங்கான் மேசை என்றால் முழுக்கப் பீங்கானா என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். பெரும்பாலும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் வியாபாரிகள் புவாரியே, அவருக்குப் பின் டாகேர், பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் செவ்ர் பீங்கான் ஆலையில் பலகைகள் வாங்கி, மார்த்தின் கார்லின் போன்ற தச்சர்களிடம் கொடுத்து மரச்சாமானில் பதிக்க வைத்தார்கள். டாகேர் ஆல்பர்ட் என்ற பிரபுவுக்கு அனுப்பிய வரைபடங்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை கடைக்காரர் சரக்கைக் காட்டும் படங்கள். நேயர் பார்த்தது செய்வதற்கு முன் போடும் வரைபடம். இரண்டும் வேறு வேறு.

நெப்போலியன் காலத்துக்கு வந்தால் சாமான் பெரிதாகிவிடுகிறது. 1806இல் அவர் செவ்ர் ஆலையில் மேசைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒன்றின் நடுவில் முடிசூட்டு உடையில் அவரே இருப்பார், சுற்றிலும் அவருடைய தளபதிகளின் முகங்கள். அமைப்பை வரைந்தவர் கட்டடக் கலைஞர் ஷார்ல் பெர்சியே, பீங்கானில் தீட்டியவர் ழான் பாப்டிஸ்ட் இசபே. 1810இல்தான் முடிந்தது. இப்போது மால்மேசோன் மாளிகையில் இருக்கிறது. இன்னொன்றின் நடுவில் அலெக்சாந்தர், சுற்றிலும் சீசர், ஹானிபல், பெரிக்ளீஸ் என்று 12 பழங்காலத் தலைவர்கள். கல்லில் செதுக்கியதுபோல் தெரியும், ஆனால் எல்லாம் பாரான் என்ற ஓவியரின் தூரிகை வேலை. மேல்தட்டு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள வட்டம். ஆறு வருடம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த மேசை கடைசியில் நெப்போலியன் எதிரியின் வீட்டுக்கே போய்விட்டது! 1817இல், நெப்போலியனுக்குப் பின் பிரான்சை ஆண்ட மன்னர் பதினெட்டாம் லூயி அதை இங்கிலாந்தின் வருங்கால மன்னர் நான்காம் ஜார்ஜுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

சரி, அவ்வளவு பெரிய தட்டில் வரைபடம் எப்படி ஏறுகிறது? இங்கேதான் எனக்குச் சுவாரசியம். தட்டு ஏற்கெனவே சுடப்பட்டு, பளபளப்புப் பூச்சோடு வெள்ளையாக இருக்கும். அதன்மேல் பென்சில் சரியாகப் பிடிக்காது. முழு அளவில் வரைந்த தாளின் கோடுகள் நெடுக ஊசியால் குத்திக்கொண்டே போவார்கள். அப்புறம் தாளைத் தட்டின்மேல் வைத்து, கரித்தூள் கட்டிய சிறு துணி மூட்டையால் தட்டுவார்கள். தாளை எடுத்தால் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கியிருக்கும். ஆரி வேலைக்காரர்கள் துளையிட்ட தாளை வைத்து ரவிக்கைத் துணியில் டிசைன் இறக்குவது இதே வித்தைதான். அந்தப் புள்ளிகளின் மேல் ஓவியர் தீட்டுவார். சூளைக்குள் போனதும் கரி எரிந்து போய்விடும். ஆக, பொருளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அடிக்கோடு தெரியாது. துளைகள் தாளில்தான் மிஞ்சும்.

வண்ணம் இன்னொரு தலைவலி. தாளில் ரோஜாச் சிவப்பு என்றால் ரோஜாச் சிவப்புதான். பீங்கானில் தீட்டும் உலோகச் சாயங்கள் சுட்ட பிறகுதான் தங்கள் நிறத்தைக் காட்டும். தங்கமே முதலில் மங்கிய பழுப்பாக இருக்கும். சூளையிலிருந்து வந்த பிறகு அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் பளபளப்பு வரும். தந்தத்தில் சின்னச் சின்ன முகங்கள் தீட்டிப் பேர் வாங்கிய இசபேக்கு, கண் முன்னால் தெரியாத நிறத்தோடு வேலை செய்வது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுடுவதற்கு முன் தப்பைத் துடைக்கலாம், சுட்ட பிறகு முடியாது. ஒரே பொருள் பலமுறை சூளை ஏறும். ஒவ்வொரு முறையும் விரிசல் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஆகவே யோசித்து, அடித்து, திருத்த வேண்டியதெல்லாம் தாளிலேயே நடந்துவிடும்.

தாளை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் பதில் இதிலேயே வந்துவிட்டது. மேசையில் முடிவு மட்டும்தான் இருக்கிறது. அழித்த கோடு, வேண்டாம் என்று தள்ளிய வலப்பக்க டிசைன் எல்லாம் தாளில் இருக்கிறது. ஆலைக்கும் அது சொத்து, பழைய வரைபடத்தை எடுத்து வேறு பொருளுக்குப் பயன்படுத்தலாம். செவ்ர் ஆலை இன்றும் இயங்குகிறது, பழைய தாள்களும் அங்கே இருக்கின்றன. அடுத்த முறை அப்படி ஒரு தாளைப் பார்த்தால், கோடுகளின் மேல் கொஞ்சம் சாய்வாகக் கண்ணை ஓட்டிப் பாருங்கள். ஊசித் துளை தெரிந்தால், பட்டறையில் யாரோ அதைத் தட்டின்மேல் வைத்து உண்மையிலேயே வேலை பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த கேள்விக்குப் போவோம்.