வெள்ளிக் காசில் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

1999-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் காட்லாந்து தீவில், ஒரு பண்ணை நிலத்துக்கு அடியிலிருந்து 67 கிலோ வெள்ளி கிடைத்தது. அதில் 14,000-க்கும் மேற்பட்ட காசுகள், பெரும்பாலும் அரபு திர்ஹம்கள். அவற்றில் ஒரு காசைப் படித்தவர்கள் திகைத்துப்போனார்கள். "முகம்மது இறைவனின் தூதர்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மூசா இறைவனின் தூதர்" என்று அரபு எழுத்தில் இருந்தது. மூசா என்றால் மோசே, யூதர்களின் தீர்க்கதரிசி. காசு 837, 838 வாக்கில் அச்சானது. அதை அடித்தவர்கள் கஸார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

யார் இந்தக் கஸார்கள்? கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவில், வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில், சுமார் 300 ஆண்டுகள் ஆண்ட துருக்கிய இனத்தவர். வடக்கே தோலும் மெழுகும் தேனும், அடிமைகளும்கூட, தெற்கே வெள்ளி. இரண்டும் அவர்கள் ஆற்றுவழியாகத்தான் போக வேண்டும். சரக்கில் பத்தில் ஒரு பங்கு சுங்கம். கஜானா நிரம்பக் கேட்பானேன்! பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானிய, பேரரசரின் மகனே கஸார் இளவரசியைக் கட்டிக்கொண்டான். அவள் பிள்ளை பின்னாளில் பேரரசனானபோது, கஸார் லியோ என்றே பெயர் பெற்றான்.

நாட்டில் இரண்டு அரசர்கள். ககான் புனிதமானவர், வெளியே தலைகாட்டுவதே அபூர்வம். படையும் நிர்வாகமும் பெக் கையில். தலைநகர் இட்டிலில் ஏழு நீதிபதிகள் இருந்ததாக அல்-மசூதி என்ற அரபு எழுத்தாளர் எழுதுகிறார்: முஸ்லிம்களுக்கு இருவர், யூத வேதமான தோராப்படி தீர்ப்புச் சொல்ல இருவர், கிறிஸ்தவர்களுக்கு இருவர், மற்றவர்களுக்கு ஒருவர். எனக்கு அந்தக் காசைவிட இந்த ஏழு பேர்தான் பிடிக்கும்.

அரசரும் மேல்குடியினரும் யூத மதத்துக்கு மாறினார்கள் என்பது பெரும்பாலோர் ஏற்பது. குடிமக்கள் எல்லோருமா மாறினார்கள்? அதற்குச் சான்று இல்லை. ஏழு நீதிபதிகள் தேவைப்பட்ட ஊரில் ஒரே மதம் இருந்திருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

965-இல் கீவ் அரசன் ஸ்வியாடோஸ்லாவ் அவர்களின் சார்கெல் கோட்டையைப் பிடித்தான். அடுத்த சில ஆண்டுகளில் ராஜ்யமே போனது.

கதை அப்புறம்தான் முளைக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் எல்லாம் கஸார்களின் வாரிசுகள், பழைய இஸ்ரவேலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே சிலர் பேசத் தொடங்கினார்கள். 1976-இல் ஆர்தர் கோஸ்ட்லர் ஒரு புத்தகம் எழுதி அதை உலகமெங்கும் பரப்பினார். அவரே யூதர்தான். யூதர்கள், அரபியர்கள் போன்றோரின் இனமான செமிட்டிய இனமே அல்ல என்றால் யூத வெறுப்புக்கு வேரே இருக்காது என்பது அவர் நினைப்பு. நடந்தது நேர்மாறு. இன்று "கஸார் மாஃபியா" என்று வாட்ஸப்பில் சுற்றும் வெறுப்புச் செய்திகளுக்கு அவர் புத்தகமே தீனி.

வாதத்தைச் சோதிக்க ஆய்வகம்கூட வேண்டாம், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சைக் கேட்டாலே போதும். அவர்கள் வீட்டில் பேசிய யித்திஷ் மொழியின் எலும்பு ஜெர்மன். மேலே எபிரேயம், கொஞ்சம் ஸ்லாவிய மொழிகள். வோல்காக் கரையிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் என்றால் அடுப்படியிலாவது துருக்கியச் சொற்கள் தங்கியிருக்க வேண்டாமா? ஸ்லாவிய மொழிகள் வழியே வந்த ஓரிரண்டைத் தவிர ஒன்றும் இல்லை. அவர்களின் பழைய ஊர்கள் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் உள்ள மைன்ஸ், வோர்ம்ஸ், ஸ்பையர். மரபணு ஆய்வும் இதையே சொல்கிறது: 2013-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பார்த்ததில், மத்தியக் கிழக்கு வேரும் ஐரோப்பியக் கலப்பும் தெரிந்தன, கஸார் தடம் தெரியவில்லை.

சரி, கஸார்கள் எங்கேதான் போனார்கள்? கபார்கள் என்ற ஒரு பிரிவினர் சண்டை போட்டுக்கொண்டு, ஹங்கேரியர்களின் முன்னோரான மாகியார்களோடு சேர்ந்து ஹங்கேரிக்குப் போய்விட்டார்கள். கோஸ்ட்லர் பிறந்ததும் அதே ஹங்கேரியில்தான்! மற்றவர்கள் சுற்றியிருந்த மக்களோடு கலந்திருப்பார்கள். சார்கெல் கோட்டை 1952 முதல் சிம்லியான்ஸ்க் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் பாரசீகத்திலும் துருக்கி மொழியிலும் காஸ்பியன் கடலுக்கு இன்றும் கஸார் கடல் என்றே பெயர்.

நன்றி, வணக்கம்.