போன வாரத்து வெயில்

வணக்கம். உடம்பின் நோயெதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் என்ற நோயைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிறுநீரகம், மூட்டு என்று அது போகாத இடமில்லை, நான் தோலோடு நின்றுகொள்கிறேன், அதுவே போதும் போதும் என்கிற அளவுக்குச் சிக்கல்.

முதலில் லூபஸ் தடிப்பு வந்த ஒரு முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்திருக்கும், மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்குகிற மடிப்பு மட்டும் பெரும்பாலும் தப்பித்திருக்கும். வெயில் அங்கே அவ்வளவாக விழாது.

சரி, வெயில் என்ன செய்கிறது? புற ஊதாக் கதிர் பட்டால் தோலின் மேலடுக்கில் சில செல்கள் சாகும். இது உங்களுக்கும் எனக்கும் நடப்பதுதான், அந்தக் குப்பையை உடம்பு சத்தமில்லாமல் அள்ளிவிடும். ஆனால் சாகிற செல் குமிழ் குமிழாகப் புடைக்கும்போது, உள்ளே ஒளிந்திருக்க வேண்டிய ‘ரோ’ என்ற புரதம் அந்தக் குமிழ்களில் வந்து நிற்கிறது, இதை 1994-இல் காட்டினார்கள். ரோவுக்கு எதிரான ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றுகிறது, குப்பையும் சரியாக அள்ளப்படவில்லை என்றால் அப்புறம் என்ன, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் ஊறும், அழற்சி கிளம்பும். தோல் செல்லே இன்டர்ஃபெரான் சுரக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்த திருப்பம், அது சும்மா அடிவாங்குகிற அப்பாவி இல்லை.

தாயின் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி இருந்தால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். சில குழந்தைகளுக்குக் கண்ணைச் சுற்றித் தடிப்பு வரும், வெயில் பட்டால் கூடும். சுமார் 6 மாதத்தில் தாயின் ஆன்டிபாடி கரைந்ததும் தடிப்பும் போய்விடும். (இதயத் துடிப்பு பாதிக்கப்பட்டால் மட்டும் அது தானாகச் சரியாகாது, அதனால் கர்ப்பத்திலேயே கவனிக்க வேண்டும்.)

இனி ஹார்மோன். லூபஸ் வந்த 10 பேரில் 9 பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறுகிற வயதில்தான் அதிகம். ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களுக்கு எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனில் ஒரு வகை) கொடுத்தபோது ரோ ஆன்டிபாடி அதிகமாக ஒட்டியது, 1988-இலேயே பார்த்துவிட்டார்கள். அதற்காக எல்லாப் பழியையும் ஈஸ்ட்ரோஜன் தலையில் போடாதீர்கள். பெண்களின் தோலில் விஜிஎல்எல்3 என்றொரு மரபணு ஆண்களைவிடக் கூடுதலாக வேலை செய்கிறது, எலியின் தோலில் அதைத் தூண்டிவிட்டால் லூபஸ் மாதிரியே வருகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். நோய் அடங்கியிருந்தவர்களிடம் 2005-இல் வெளியான சோதனையில் அதனால் நோய் கூடவில்லை. ஆனால் ரத்தம் உறைய வைக்கும் ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகாது, மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்று. “நான் வெளியிலேயே போகவில்லையே” என்பார்கள். புற ஊதாவில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகை வெயிலில் வரும்; ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத்தான் பெரும்பாலும் தடுக்கும், யுவிஏ உள்ளே வரும். தடிப்பும் அன்றைக்கே வராது, ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதனால் நேற்று என்ன செய்தீர்கள் என்று நான் கேட்பதில்லை, போன வாரம் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்றுதான் கேட்பேன்.