மூன்றாவது பூஜ்யம்

நேயர்களுக்கு வணக்கம். நான் கப்பல் கேசினோவில் சீட்டுப் போட்டுக் கொடுக்கிற டீலராக இருந்தவன். வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு வண்ணார்பேட்டையில் யாரைப் பார்த்தாலும் கேட்பது ஒன்றுதான்: "கேசினோக்காரன்தானே எப்பவும் ஜெயிப்பான், அவனுக்கு ஏது நஷ்டம்?"

ஆள் வராமல் போனால் நஷ்டம்தான். மேசைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்குப் பணம் போகும் என்று தெரியும், இன்றைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். அது ராத்திரி முழுக்கத் தாங்கினால் மறுபடி வருவார்கள், அரை மணியில் கரைந்தால் வரமாட்டார்கள்.

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சுழலும் சக்கரத்தில் குண்டு எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டுகிற ஆட்டம். 36 எண், ஒரு பூஜ்யம். கட்டிய எண் விழுந்தால் கட்டிய பணத்தோடு, அதற்கு மேல் 35 மடங்கு தருவார்கள். கணக்குப்படி 100 ரூபாய்க்குச் சராசரியாக 2.70 ரூபாய் கேசினோவுக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டு பூஜ்யம், அதனால் 5.26. அதுவும் போதாமல் 2016-ல் அமெரிக்காவின் சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸில் மூன்றாவது பூஜ்யத்தையும் சேர்த்தார்கள், 7.69 ஆகிவிட்டது. பரிசு மட்டும் அதே 35 மடங்கு!

பிளாக்ஜாக் என்பது 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் சேர்க்கிற சீட்டாட்டம். அதில் முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 100-க்கு 150 கொடுப்பதுதான் பழைய வழக்கம். இப்போது பல மேசைகளில் 120-தான், மேசைத் துணியிலேயே ‘5-க்கு 6’ என்ற கணக்கை அச்சடித்திருக்கும். புதிதாக வருகிறவர் அதைக் கவனிப்பதில்லை. பழகியவர் அப்படியில்லை, நான் பணத்துக்குப் பதிலான வில்லையை, அதாவது சிப்பை, எண்ணி நகர்த்தும்போது என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார், குறைவதைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் மிச்சச் சிப்பை அள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். சண்டை போடுகிறவரையாவது சமாதானப்படுத்தலாம், இவரை என்ன செய்வது?

பாளை மார்க்கெட்டில் காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவார்களே, அதுபோல லாஸ் வேகாஸில் பார்க்கிங் இலவசம், சாப்பாடு மலிவு என்றிருந்தது. அப்புறம் அதற்கும் காசு, அறை வாடகைக்கு மேல் ‘ரிசார்ட் கட்டணம்’ என்று ராத்திரிக்கு 50 டாலர்கூடப் பிடுங்கினார்கள். 2025-ல் அங்கே வந்த கூட்டம் முந்தைய வருஷத்தைவிடக் குறைந்துபோனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் சில விடுதிகள் அவசரமாகப் பார்க்கிங்கைத் திரும்ப இலவசமாக்கின. மேசையில் குறைத்த அந்த 30 ரூபாயையும் திருப்பித் தராமல், கார் நிறுத்த இடம் கொடுத்தால் மட்டும் எழுந்து போனவர் வந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.