லயத்து வீடு யாருடையது?

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, மலையாளத்தில் வாழ்த்திவிட்டு என் தமிழைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நூலகச் செயலர் அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். அணிவித்த சால்வைக்கு நன்றி. தேவிகுளத்துக் குளிரில் அது மரியாதைக்கு மட்டும் உரியதன்று.

வேலை, குடும்பம், நலத்திட்டம் என மூன்றைப் பற்றியும் சமூக ஆய்வுகள் சொல்வதை நான் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். வேலையிலிருந்து தொடங்குகிறேன். 2019இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். விடியுமுன் அடுப்பு மூட்டிவிட்டு மலையேறும் நம் பெண்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை என்றாலும், எண்ணாகப் பதிந்தால்தான் அதிகாரிகளின் காதில் ஏறுகிறது.

இனிக் குடும்பம். தேயிலைத் தோட்டக் கம்பெனி தொழிலாளருக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கணக்கெடுக்க ஒரு கல்லூரி மாணவர் வந்தார், மழைக்கு ஒதுங்கியவர் படிவத்தை விரித்து, ஓய்வு பெற்ற ஒரு பாட்டியிடம், "சொந்த வீடா, வாடகை வீடா?" என்று கேட்டார். பாட்டி, "தம்பி, சொந்தமுன்னு சொன்னா கம்பெனி சிரிக்கும், வாடகைன்னு சொல்ல நான் ஒரு காசு குடுத்ததில்ல" என்றார். மாணவர் பேனாவைக் கடித்தார். "அப்படியானால் யாருடையது பாட்டி?" "என் மகளோட கையி இருக்கில்ல, அது குடுத்தது. அவ கொழுந்து கிள்ளுற வரைக்கும் இருப்போம்." மாணவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதர" என்ற கட்டத்தில் குறியிட்டார். பாட்டி விடவில்லை, "இதரன்னா என்ன தம்பி, தெருவா?" என்று கேட்டுவிட்டு, அவருக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தனுப்பினார்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பை முதலாளியின் கடமையாக்கியது; ஆனால் அது வேலையோடு கட்டப்பட்ட வளை. ஓய்வு வந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால், மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்தாக வேண்டியிருக்கிறது. படித்த பிள்ளையும் வீட்டுக்காக மலைக்குத் திரும்புகிறது. வருமானம் குறைவாக இருந்தும் கல்வியிலும் ஆயுளிலும் கேரளம் முன்னேறியதை 1975இல் திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் ஐ.நா.வுக்காக எழுதிக் காட்டியது. அந்த முன்னேற்றத்துக்குக் காரணமான நிலச் சீர்திருத்தத்தில் பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த கிராமத்துக் குடிகிடப்புக்காரருக்கு 10 சென்ட் கிடைத்தது. தோட்டங்களுக்கோ நில உச்சவரம்பிலிருந்தே விலக்கு. லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த 10 சென்ட் எட்டவில்லை.

2015இல் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 9 நாள் சாலையில் அமர்ந்து போராடியபோது, 20 விழுக்காடு போனஸும், 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்குவதுமே செய்திகளில் பெரிதாக வந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 உயிர்கள் போன பிறகுதான், இவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று நாடு கேட்டது. எலி வளையானாலும் தனி வளை என்று நான் மேடைதோறும் சொல்வதைக் கேட்டுச் சலித்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். பட்டா கைக்கு வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நலத்திட்டம் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. செயலர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 2017இல் தொடங்கிய கேரள அரசின் 'லைஃப்' வீட்டுத் திட்டம் முதலில் பாதியில் நின்ற வீடுகளையும், அடுத்து நிலமுள்ளோரையும் எடுத்துக்கொண்டது. நிலமில்லாதவருக்கு மூன்றாம் கட்டம். ஆகவே முதலில் நிலம் கேட்போம். வாசலருகே மேசையில் மனு இருக்கிறது. லயத்தின் எண்ணையும் எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதிக் கையொப்பமிடுங்கள், கைநாட்டும் செல்லும்.