முடிவெடுத்தல்: எதை விடப் போகிறீர்கள்?

[காட்சி: உப்புவெளிக் கடற்கரை, விடியற்காலை. வலை ஏற்றிய வள்ளம்.]

வணக்கம். முடிவு என்றால் என்ன, உறுதியாக முடிவெடுக்க ஒருவருக்கு என்ன வேண்டும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். நம் திருகோணமலையில் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரைவலை இழுப்பவர்களைக் கவனித்தாலே இதில் பாதி விளங்கிவிடும்.

வாடை ஓய்ந்து கடல் அடங்கிய மாதங்களில், விடியும்போதே வலை வள்ளத்தில் ஏறிவிடும். ஒரு கயிற்றின் நுனி கரையில் ஆட்களின் கையில் இருக்கும். ஆனாலும் வள்ளம் உடனே புறப்படாது. மூத்தவர் ஒருவர் மணல் மேட்டில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் எங்கே கறுக்கிறது, பறவைகள் எங்கே விழுந்து எழும்புகின்றன, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவருக்குப் பார்க்க நிறைய இருக்கும். பக்கத்தில் நிற்கும் பொடியனுக்குப் பொறுமை இருக்காது.

"அண்ணை, விடுவமா?"

"பொறடா தம்பி, இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வரட்டும்."

[காட்சி: உயரும் கை. வள்ளம் அலையைக் கடக்கிறது.]

அவருடைய கை உயர்ந்ததும் வள்ளம் பாயும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே போய், மற்றக் கயிற்றைக் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்து, மீன் சேரும் வலைப் பையான மடி கரைக்கு வர மணித்தியாலக் கணக்காகும். இடையில் வேறொரு பக்கம் மீன் கூட்டம் தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காலைப்பொழுதை அந்த இடத்துக்குக் கொடுத்தாகிவிட்டது.

அவர் கையை உயர்த்தினாரே, அதுதான் முடிவு. அதற்கு முன்னால் நடந்தது யோசனை. முடிவு என்பதை மனதுக்குள் வரும் ஒரு தெளிவு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தும் வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருப்பவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்து, மற்றதை விட்டுவிட்டு, இனித் திரும்பினால் நட்டம் என்கிற அளவுக்கு ஒரு காரியத்தைச் செய்துவிட்டால்தான் அது முடிவு. அதுவரை அது விருப்பம் மட்டும்தான்.

சரி, அந்தக் கட்டத்துக்கு வரமுடியாமல் ஏன் தடுமாறுகிறோம்? இன்னும் விபரம் தெரியவேண்டும், இன்னும் நாலு பேரிடம் விசாரிக்கவேண்டும் என்போம். சில வேளைகளில் அது உண்மைதான். ஆனால் அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் அறிஞர் பதிவு செய்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். மூளையின் முன்பகுதியில் பாதிப்பு ஏற்பட்ட ஒரு நோயாளி. அறிவுக்கு ஒரு குறைவும் இல்லை, பேச்சும் கணக்கும் நன்றாகவே இருந்தன. உணர்ச்சிதான் மங்கிப்போயிருந்தது. அடுத்த தடவை வருவதற்கு டமாசியோ அவரிடம் இரண்டு நாட்களைச் சொல்லி, எது வசதி என்று கேட்டார். அந்த மனிதர் டயரியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நாளில் வேறு வேலை இருக்கிறது, இந்த நாளில் வானிலை எப்படி இருக்குமோ என்று கிட்டத்தட்ட அரை மணி நேரம் காரணங்களை அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் இரண்டாவது நாளில் வாருங்கள் என்று டமாசியோ சொன்னதும், சரி என்று எழுந்து போய்விட்டார்.

காரணங்களுக்கு முடிவே கிடையாது. ஒரு கட்டத்தில் "எனக்கு இதுதான் பெரிது" என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லவேண்டும். உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு முடிவெடு என்று பெரியவர்கள் புத்தி சொல்லும்போது எனக்கு இந்த நோயாளியின் நினைவுதான் வரும்.

அதற்காக மனம் சொல்வதை அப்படியே நம்பிவிடலாமா? எந்த விஷயத்தில் என்பதைப் பொறுத்தது. கேரி கிளைன் என்ற உளவியலாளர் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தார். அவர்கள் நாலு வழிகளை எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. நிலைமையைப் பார்த்ததும் முதலில் தோன்றும் வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, சரிவரும் என்றால் இறங்கிவிடுகிறார்கள். மணல் மேட்டில் நிற்பவரும் இதைத்தான் செய்கிறார். அதே கரையைப் பல காலம் பார்த்தவர். கணித்தது சரியா பிழையா என்பது ஒவ்வொரு முறையும் மடி கரைக்கு வரும்போது அவருக்குத் தெரிந்துவிடும். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வெளிநாட்டு ஏஜென்சிக்குக் காசு கட்டப் போகிறவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவருடைய மனம் சொல்வதை அவரே கொஞ்சம் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

[காட்சி: சீனக்குடா, பழைய எண்ணெய்க் குதங்கள்.]

இனி, நம் ஊர் வரலாற்றோடு தொட்டுச் செல்லும் ஒரு கதை. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத் தளத்திலும் குண்டு வீசின. முதல் நாள் இரவு இங்கிருந்து வெளியேறிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானம்தாங்கிக் கப்பலையும் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. அந்தப் படைக்குத் தளபதி சூயிச்சி நகுமோ.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. ஜூன் 4ஆம் தேதி பசிபிக் கடலில் மிட்வே தீவுக்கு அருகே அதே நகுமோ, நான்கு விமானம்தாங்கிக் கப்பல்களோடு நின்றார். காலையில் தீவின் மீது முதல் தாக்குதல் நடந்தது. இன்னொரு தடவை தாக்கவேண்டும் என்று அங்கே போன தன் விமானிகளிடமிருந்து செய்தி வந்தது. கப்பல்களைத் தாக்குவதற்காக டார்பிடோ பூட்டி வைத்திருந்த விமானங்களில், அவற்றைக் கழற்றித் தரைக்குண்டு மாட்டச் சொன்னார் நகுமோ. வேலை பாதியில் இருக்கும்போது, அமெரிக்கக் கப்பல்கள் தென்படுகின்றன என்று தகவல் வந்தது. உடனே மாற்றுவதை நிறுத்தச் சொன்னார். இருப்பதை வைத்து இப்போதே தாக்குவோம் என்றார் துணைத் தளபதி யமகுச்சி. நகுமோ அதை ஏற்கவில்லை. தீவிலிருந்து திரும்பும் விமானங்களை இறக்கி, கழற்றியவற்றுக்கு மறுபடி டார்பிடோ பூட்டி, முழுப் பலத்தோடு போகவே விரும்பினார். பத்தரை மணிக்குள் அமெரிக்க விமானங்கள் வந்து, அவருடைய மூன்று கப்பல்களைச் சில நிமிடங்களில் தீக்கிரையாக்கின. நான்காவதும் அன்றே தாக்கப்பட்டு, மறுநாள் மூழ்கியது.

யமகுச்சி சொன்னதைக் கேட்டிருந்தால் தப்பியிருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. நகுமோ கோழையும் இல்லை, அனுபவம் இல்லாதவரும் இல்லை. தீவையும் விட மனமில்லை, கப்பல்களையும் விட மனமில்லை. பிறகு தாக்குதலும் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்றார். துணிச்சல் உள்ள மனிதருக்கும் தடுமாற்றம் இப்படித்தான் வருகிறது. கைக்கு வருவதைவிடக் கையைவிட்டுப் போவதே நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காட்டினார்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது? சின்ன விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுங்கள், பிழையாகிப்போனால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பெரிய விஷயங்களில், தேடத் தொடங்குவதற்கு முன்பே எது போதும் என்று எழுதி வையுங்கள். 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் சொன்ன வழி இது. மத்திய வீதியில் தையல் கடைக்கு ஓர் அறை தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை இவ்வளவுக்குள், தண்ணீர் வசதி, பெண்கள் தயங்காமல் வந்து போகக்கூடிய இடம். இந்த மூன்றும் பொருந்துகிற முதல் அறைக்கு முற்பணத்தைக் கட்டிவிடுங்கள். அடுத்த தெருவில் இதைவிட நல்லது இருக்கலாம், அதைத் தேடிக்கொண்டே இருந்தால் கடை திறக்க முடியாது.

எப்போது திரும்புவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடவேண்டும். வாடைக் காலத்தில் கடலுக்குப் போகிறவர், காற்று இன்ன பக்கம் திரும்பினால் மீன் இருந்தாலும் கரைக்கு வந்துவிடுவேன் என்று கரையில் நிற்கும்போதே நினைத்துக்கொள்வது நல்லது. கடலுக்குள் போய், வலை கனக்கத் தொடங்கிய பிறகு அந்த முடிவை எடுப்பது கஷ்டம். இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்பே வகுத்துக்கொண்டவர்கள், வெறுமனே நினைத்துக்கொண்டவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. முன்பே வைத்த எல்லையைப் பார்த்துத் திரும்புகிறவரைத் தடுமாறுகிறவர் என்று சொல்லக்கூடாது.

[காட்சி: வீட்டு விறாந்தை. தாயும் மகளும்.]

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது? மகளுக்கு மூதூரில் ஆசிரியர் வேலையும் கிடைத்திருக்கிறது, கொழும்பில் ஒரு கம்பெனி வேலையும் கிடைத்திருக்கிறது. "அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லவேணும்." "பாப்பம் பிள்ளை, அப்பாவும் வரட்டும்." அப்பா வருவார், மாமா வருவார், வெள்ளியும் வந்துவிடும். ஊரிலேயே இருப்பதுதான் தனக்குப் பிடிக்கும் என்பது முதல் நாளே அவளுக்குத் தெரியும். கொழும்புச் சம்பளத்தை விடத்தான் யாருக்கும் மனமில்லை. பெரியவர்களிடம் கேட்பது நல்லதுதான். ஆனால் என்ன செய்யட்டும் என்று கேட்காமல், "அம்மா, நான் மூதூருக்குப் போறன், இதில நான் கவனிக்காமல் விட்டது ஏதும் இருக்கா?" என்று கேட்டுப் பார்க்கலாம். அப்புறம், வெள்ளி வரை காத்திராமல் கொழும்புக் கம்பெனிக்கு அவளே போன் பண்ணி, நான் வரவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுங்கள் என்று சொல்லிவிடலாம்.