அந்தச் சில விநாடிகள் யாருடைய கையில் இருக்கின்றன?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கிராமத்துச் சாலைகளில் மோட்டார் சைக்கிளும் குதிரையும் விபத்தின்றிச் செல்வதற்குப் பெரும்பொறுப்பு ஏற்க வேண்டியவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரா, குதிரைச் சவாரி செய்பவரா என்பது இன்றைய தலைப்பு. ஓட்டுபவரே என்று வாதிட வந்திருக்கும் நான் இருபது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறேன். குதிரையின் முதுகில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. எனவே, நான் சுமத்தப் போகும் பொறுப்பு முதலில் என் தோள்மீதுதான் விழுகிறது என்பதை அவை கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "ஐந்நூறு கிலோ எடையும் மிரளும் குணமும் உள்ள ஓர் உயிரைப் பொதுச்சாலைக்கு யார் கொண்டுவருகிறாரோ, அவரே அதை அடக்கவும் கடமைப்பட்டவர், அடக்க முடியாதவர் சாலைக்கு வரக் கூடாது" என்றார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் மிரட்சி எப்படி நிகழ்கிறது என்பதைப் பார்த்தால், அடக்குதல் என்ற சொல் எவ்வளவு தாமதமாக வந்து சேருகிறது என்பது புரியும். குதிரை, வேட்டையாடப்பட்டு வந்த விலங்கு. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்க முடியும் என்றாலும், நேர் பின்னே ஓர் இடம் அதற்குத் தெரிவதே இல்லை. முந்திச் செல்லும் மோட்டார் சைக்கிள் வருவது அந்தத் திசையிலிருந்துதான். காதுகளோ தனித்தனியே திரும்பக்கூடியவை. மனிதக் காதுக்கு எட்டாத உச்ச ஒலிகளையும் அவை கேட்கும். ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒன்று காதில் மட்டும் பெருகிக்கொண்டே வருகிறது. "மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று மனிதனையே சொல்கிறோம். ஓடித் தப்புவதையே தற்காப்பாகக் கொண்ட ஒரு விலங்கு, நின்று யோசித்துவிட்டு ஓடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? கடிவாளம் பிடித்தவர் உணரும் முன்பே அது பக்கவாட்டில் பாய்ந்திருக்கும்.

சரி, சவாரியாளரால் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. குதிரையின் தலையைச் சற்றே திருப்பி வருவதைக் காட்டலாம். குரல் கொடுத்து அமைதிப்படுத்தலாம். அருகில் வயல் வாயில் இருந்தால் ஒதுங்கி நிற்கலாம். கையை நீட்டி மேலும் கீழும் அசைத்து வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். ஆனால் நடுவர் அவர்களே, இவை ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள் வேண்டும். அந்த விநாடிகளை அவரால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. பின்னால் வருபவர்தான் கொடுக்க வேண்டும். எங்கள் அணியின் வாதம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் நிற்கிறது.

அதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். இருபுறமும் புதர் அடர்ந்த வளைவு. கண்ணுக்கு எட்டும் தொலைவு 40 மீட்டர். அந்த முனையில் ஒரு குதிரை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். பார்த்து, புரிந்து, பிரேக்கில் விரல் வைக்க ஒரு விநாடி என்றாலும் 17 மீட்டர் கடந்துவிடுகிறது. உலர்ந்த நல்ல சாலையில் முழு பிரேக் பிடித்தால் மேலும் இருபது மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். அதாவது வண்டி, குதிரையின் பின்னங்கால்களை ஒட்டி, டயர் கீச்சிட நிற்கிறது. சரளைக்கல்லோ ஈரமோ இருந்தால் நிற்பதே இல்லை. அதே வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் ஏறத்தாழ 15 மீட்டருக்குள் நின்றுவிடுகிறார். மீதமுள்ள 25 மீட்டரில் குதிரைக்குத் திரும்பிப் பார்க்கவும், சவாரியாளருக்குச் சேணத்தில் நிலைகொள்ளவும் இடம் கிடைக்கிறது. வளைவுக்கு முன் எந்த வேகத்தில் நுழைவது என்ற முடிவைக் குதிரையில் இருப்பவர் எடுப்பதில்லை.

"சாலை வாகனங்களுக்குத்தானே?" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். 1968ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, சவாரி விலங்குகளைச் சாலையில் நடத்திச் செல்பவரையும் "ஓட்டுநர்" என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கிறது. விருந்தாளியாக அல்ல, உரிமையுள்ளவராகவே அவர் சாலையில் இருக்கிறார். பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதித் தொகுப்போ, அதிகத் தீங்கு விளைவிக்கக் கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்ற வரிசையை வகுத்துவிட்டு, குதிரையைக் கடப்பவர் மணிக்கு 10 மைலுக்கு, அதாவது சுமார் 16 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. ஏன் இரண்டு மீட்டர்? புதருக்குள்ளிருந்து ஒரு பறவை சிறகடித்தால், குதிரை அதற்கு எதிர்ப்புறமாகத் துள்ளும். எதிர்ப்புறம் என்பது சாலையின் நடுப்பகுதி, அதாவது நாம் கடந்துகொண்டிருக்கும் இடம். அவ்வளவு அகலம் இல்லாத குறுகிய தார்ச்சாலையில் என்ன செய்வது என்றால், ஒதுங்க இடம் வரும்வரை பின்னாலேயே பொறுமையாக வர வேண்டியதுதான்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நீண்ட நேர்ச்சாலை ஒன்றில், தொலைவிலேயே ஒரு பழுப்புநிறப் பெண்குதிரையைப் பார்த்துவிட்டேன். நல்லவனாக நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மிக அருகில் சென்ற பிறகு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடி, அடுத்தடுத்து இரண்டு கியர்களைக் குறைத்தேன். வேகம் குறைந்தது, சைலன்சரோ வெடிபோலப் படபடத்தது. குதிரை பின்னோக்கி எகிறி, பின்னங்கால்கள் பள்ளத்தில் இறங்க, மேலே இருந்த பெண்மணி கழுத்து மயிரைப் பற்றிக்கொண்டு தொங்கினார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தப் பெண்மணியின் முகத்தில் நான் கண்ட வெளிறிய நிறத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. நான் விதியை மீறவில்லை, அறியாமல் செய்தேன். வேகத்தைக் குறைப்பதிலேயே ஒரு முறை இருக்கிறது, முன்கூட்டியே, படிப்படியாக, கிளட்சைப் பிடித்து எஞ்சின் முனகலாகத் தணியும்படி குறைக்க வேண்டும் என்பதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஹாரன் ஒலியைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. ஹெல்மெட்டின் முகப்புக் கண்ணாடியை உயர்த்தி, "கடந்து போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்பது மிகவும் உதவும், உருவம் தெரியாத இரைச்சலுக்குள்ளிருந்து மனிதக் குரல் வரும்போது குதிரைக்கு அது பழகிய ஒன்றாகிவிடுகிறது.

கூட்டமாகச் செல்லும்போது நிகழ்வதை எதிரணியினர் யாருமே தொடவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. எட்டு வண்டிகள் செல்கின்றன என்று கொள்ளுங்கள். முதல் வண்டிக்காரர் நிதானமாகக் கடந்துவிட்டு, வழி திறந்ததும் வேகமெடுக்கிறார். அவரைத் தவறவிடக் கூடாது என்று இரண்டாமவர் அவசரப்படுகிறார். எட்டாமவர் கடக்கும்போது அது பந்தயமாகவே மாறியிருக்கும். குதிரை மந்தையாக வாழும் உயிர்; பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் தானும் ஓட வேண்டும் என்றே அதன் உடல் சொல்லும். முதலில் செல்பவர் தொலைவில் காத்திருந்து, கடைசி வண்டியும் வந்து சேர்ந்த பிறகே புறப்படுவது என்று கிளம்புமுன் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

சவாரியாளர்கள் மாலை மங்கலில் கருநிற உடையில் வருகிறார்கள் என்று எதிரணியினர் குறை கூறினார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஒளிரும் மேலுடையும், குதிரையின் கால்களில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டைகளும் அவர்கள் அணியத்தான் வேண்டும். இருவர் இணையாக வருகிறார்கள் என்ற குறையை மட்டும் அப்படியே ஏற்க மாட்டேன். பழகாத இளங்குதிரையைச் சாலையோரத்திலும், அனுபவமுள்ள குதிரையை அதற்கு அரணாக வெளிப்புறத்திலும் நடத்துவது பல சமயங்களில் பாதுகாப்புக்காகவே செய்யப்படுகிறது. சாலைக்கு வராமல் எந்தக் குதிரையும் சாலைக்குப் பழகாது.

கடைசியாக, "நாங்கள் வேகம் குறைத்தாலும் நன்றிக்காக ஒரு கையைக்கூட உயர்த்துவதில்லை" என்ற மனக்குறைக்கு வருகிறேன். பதற்றமான குதிரையின் மேல் இருப்பவருக்கு இரண்டு கைகளும் கடிவாளத்தில்தான் இருக்க முடியும். நான் சொன்ன அதே பெண்மணியை, அதே சாலையில், மறு ஆண்டு மீண்டும் எதிர்கொண்டேன். இம்முறை நெடுந்தொலைவிலேயே வேகம் தணித்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். குதிரை காதுகளை என் பக்கம் திருப்பியபடி நடந்து கடந்தது. அவர் கையை உயர்த்தவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தார். குதிரை வளைவைத் தாண்டும்வரை நான் எஞ்சினை இயக்கவில்லை.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்காகக் காத்திருக்கிறோம். வணக்கம்.