தையலுக்கு நடுவே இஸ்திரி

நேயர்களுக்கு வணக்கம்.

ப்ளவுஸ் தைப்பவர்களில் பலர், ஹூக் கட்டி முடித்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தேடுகிறார்கள். அப்போது தேய்த்தால் மேல் சுருக்கம் போகும். உள்ளே மடங்கிக் கிடக்கும் தையல் படியாது. ஒரு தையலின் குறுக்கே அடுத்த தையல் ஏறுவதற்கு முன்பே முதல் தையலைப் படிய வைத்துவிட வேண்டும். தோள் தையல் படியாமல் கழுத்துப் பட்டியை வைத்துத் தைத்தால், அந்த இடம் புடைத்துக்கொண்டே நிற்கும்.

துணியை வெட்டும் முன்பே இஸ்திரிக்கு வேலை உண்டு. காட்டன் லைனிங்கை நனைத்து நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே நீளவாக்கில் தேய்த்துவிடுங்கள். குறுக்காக இழுத்துத் தேய்த்தால் நெசவு கோணும். கோணலோடு வெட்டிய பாகம் துவைத்ததும் திருகிக்கொள்ளும்.

உடுத்தப்போகும் துணியைத் தேய்ப்பது வேறு, தைக்கும்போது தேய்ப்பது வேறு. இங்கே பெட்டியை இழுக்கவே கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கழுத்து வளைவும் கைக்குழியும் பைப்பிங் பட்டியும் துணியின் கிராஸில், அதாவது நெசவு இழைகளுக்குச் சாய்வாக, வருபவை. இழுத்தால் நீண்டுவிடும். கழுத்து தொளதொளவென்று நின்றால் அளவு எடுத்தவரைத் திட்டுகிறோம். பல சமயம் குற்றவாளி இஸ்திரிப் பெட்டிதான்.

தைத்ததும் துணியை விரித்துவிடாதீர்கள். இரண்டு பாகமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போதே தையல் மேல் ஒருமுறை அழுத்துங்கள். நூல் துணிக்குள் அமரும், தையல் இழுத்த சுருக்கம் தளரும். அதன்பிறகு துணியை விரித்து, தையலுக்கு வெளியே விட்டிருக்கும் ஓரத்துணியை உள்பக்கம் நகத்தால் பிரித்து, பெட்டியின் நுனியால் தையல் கோட்டின் மேல் மட்டும் அழுத்துங்கள். ஓரத்துணியின் தடம் வெளியே தெரிந்தால், அதன் அடியில் வெள்ளைத் தாள் கீற்று ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

மார்பு டாட், அதாவது உடல் வளைவுக்காகக் கூர் முனையாக மடித்துத் தைக்கும் மடிப்பு, தட்டையான மேசையில் சரியாகப் படியாது. குளியல் துண்டு ஒன்றை இறுகச் சுருட்டி, அந்த உருண்டையின் மேல் டாட்டை வைத்து, அகலமான பக்கத்திலிருந்து கூர் முனை நோக்கி அழுத்துங்கள். முனையோடு நிறுத்திவிடுங்கள், தாண்டினால் அங்கே மடிப்புக் கோடு விழும். பக்கவாட்டு டாட் கீழ்நோக்கியும், இடுப்பு டாட் நடுப்பக்கம் நோக்கியும் படிய வேண்டும்.

ஒட்டு கேன்வாஸ் என்பது துணி விறைப்பாக நிற்க உள்ளே வைத்து, சூட்டில் ஒட்டும் துணி. அதில் சொரசொரப்பான பக்கம்தான் பசை. அது துணியின் உள்பக்கத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 10 முதல் 15 விநாடி அசையாமல் அழுத்தி, ஆறும்வரை அப்படியே விடுங்கள். சூட்டோடு தூக்கினால் பசை பிடிக்காமல் பின்னால் குமிழ் குமிழாகக் கிளம்பும்.

சூடு எவ்வளவு? பெட்டியில் புள்ளிகள் இருக்கும். 1 புள்ளி சுமார் 110 டிகிரி செல்சியஸ், 2 புள்ளி 150, 3 புள்ளி 200. காட்டன் மூன்றையும் தாங்கும். பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும் 2 போதும், நைலானுக்கு 1. பட்டில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், திட்டு விழும். அடர்நிறத் துணியை நேராக மேல்பக்கம் தேய்த்தால் மினுமினுப்பு ஏறும். மெல்லிய காட்டன் துணியை மேலே விரித்துக்கொள்ளுங்கள். இன்றைய சரிகை பலவற்றில் இருப்பது பிளாஸ்டிக் இழை. சூடு மிஞ்சினால் சுருங்கிவிடும். அதனால் வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்றை, சரிகை உள்ளதாகப் பார்த்து எடுத்துவைத்து, முதல் சூட்டை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.